பெட்டிக்காரியும் பனியன்காரனும்

“…அப்பன்னா அந்தப் பனியன்காரன்தான் கதை, நம்ம பெட்டிக்காரி சும்மா பக்கத்தை ரொப்ப வந்தவ. அப்படித்தானே நீ சொல்ற?” என்று அத்தை கேட்டாள்.

முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு, இடது கையில் நாற்று முடிச்சோடு கேட்டாள். அவளுக்கு இரண்டு பக்கமும் எட்டுப் பெண்கள் குனிந்த முதுகை நிமிர்த்தி என்னையே பார்த்தார்கள். வரப்பில் உட்கார்ந்திருந்த எனக்குப் பத்து வயது. மடியில் ஒரு முழுப் புத்தகம்.

குழு நண்பர்களே, இதை ஏன் இப்போது சொல்கிறேன் என்றால் போன வாரம் நம் காமிக்ஸ் வாட்ஸ்அப் குழுவில் நடந்த சண்டைதான் காரணம். சூப்பர் ஹீரோ புத்தகத்தில் பெரிய கதை முடிந்தபிறகு, கடைசியில் நாலைந்து பக்கத்துக்கு வேறொரு சின்னக் கதை வருமே, அந்தத் துணைக்கதைகளைப் பற்றிப் பேச்சு வந்தது. பட்டுக்கோட்டை பேங்க்கில் இருந்து ரிட்டயர் ஆனவர், “அதெல்லாம் ஃபில்லர்ங்க. பிரியாணிக்குப் பக்கத்துல வைக்கிற வெங்காயம்” என்றார். தலைமையாசிரியராக இருந்தவர் விடுவாரா? “அந்த வெங்காயம் இல்லாம ஒரு நாள் தின்னு பாருங்க சார், தெரியும்” என்றார். விடிய விடிய மெசேஜ். நான் சிரித்துக்கொண்டே படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு எழுதுவதைவிட மற்றவர் பேச்சைக் கேட்பதில்தான் ருசி அதிகம்.

அப்புறம் பேங்க்காரர் ஒரு பழைய இதழின் கடைசிப் பக்கத்தை ஸ்கேன் செய்து போட்டார். வாசகர் கடிதம் ஒன்று. “ஐயா, தாங்கள் பனியன் விளம்பரத்தைக் குறைத்துக்கொண்டு கதையை அதிகமாகப் போடவும். இப்படிக்கு, நடவு ஆட்கள் ஒன்பது பேர்.” அதன் கீழே ஆசிரியர் குறிப்பு: “நமது நாயகனின் உடையை இவ்வளவு நயமாகக் கேலி செய்த கடிதம் இதுவரை வந்ததில்லை!”

குழுவே கொண்டாடிவிட்டது. அந்தக் காலத்திலேயே இவ்வளவு கூர்மையான நையாண்டியா என்றார்கள். நடவு ஆட்கள் என்பது யாரோ பெரிய எழுத்தாளரின் புனைபெயர் என்று ஒருவர் அடித்துச் சொன்னார். கல்லூரிப் பேராசிரியராக இருக்கும் என்றார் இன்னொருவர். நான் மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அதற்கு மேல் படித்ததெல்லாம் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நானாகப் படித்தது. பேராவூரணியில் தென்னைக்கு நடுவே என் பாட்டுக்குத் தையல் கடை வைத்திருந்தவள், பெரிய மனிதர்கள் மகிழ்ச்சியைக் கெடுப்பானேன் என்று இருந்தேன். ஆனால் மனசு கேட்கவில்லை. அதில் நையாண்டி ஒன்றும் இல்லை, நண்பர்களே. அந்தக் கடிதத்தை எழுதிய கை என்னுடையது.

எங்கள் ஊர் தஞ்சாவூருக்குக் கிழக்கே, வெட்டாற்றங்கரை. நாங்கள் பண்ணை வீட்டில் வேலை செய்யும் குடும்பம். அம்மா இல்லை எனக்கு. அப்பாவின் அக்காதான் வளர்த்தாள். அந்த அத்தைதான் நடவுக்கு ஆள் கட்டுபவள். அவள் ஒரு குரல் கொடுத்தால் தெருவில் எட்டுப் பெண்கள் கஞ்சியைப் பாதியில் வைத்துவிட்டு வருவார்கள். அவளுக்கு எழுத்து தெரியாது. ஆனால் நாற்றங்காலைப் பார்த்த மாத்திரத்தில், எத்தனை முடிச்சு தேறும் என்று சொல்லிவிடுவாள்.

பண்ணை வீட்டில் ஓர் அக்கா இருந்தாள். ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தி வீட்டுக்குள் வைத்திருந்தார்கள். அவள் தம்பி பெயரைச் சொல்லி மாதா மாதம் தஞ்சாவூரிலிருந்து படப் புத்தகம் வந்துகொண்டிருந்தது. தம்பி அதைத் தொட்டதே இல்லை என்பது அவள் அப்பாவுக்குத் தெரியாது. ‘பொண்ணு பூஜை ரூமில் ஸ்லோகம் படிக்கிறாள்’ என்றே அவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் மாட்டுக்குப் புல்லுக்கட்டு போடக் கொல்லைவாசலுக்குப் போவேன். ஆனி மாதம், ஆற்றில் தண்ணீர் வந்து குறுவை நடவு ஆரம்பித்த சமயம், அந்த அக்கா என்னைக் கூப்பிட்டு மூன்று தாள்களைக் கையில் திணித்தாள். “படிக்கத் தெரியும்ல? வச்சுக்க. எனக்கு வேணாம்.”

பிளேடால் ஓரம் பார்த்து அறுத்த தாள். ஐந்து பக்கம் கதை. ஆறாவது பக்கம், அதாவது கடைசித் தாளின் பின்புறம், முழுசாக ஓர் ஆள் படம். தோளும் மாரும் புடைக்க, உடம்போடு ஒட்டிய நீலச் சட்டையும் இறுக்கமான கால்சட்டையுமாக ஒருவன் கையை மடக்கிக்கொண்டு மேலே பாய்கிறான். கீழே பெரிய எழுத்தில், “அடுத்த மாதம்! தவறாமல் வாங்குங்கள்!”

இப்போது உங்களுக்கெல்லாம் விளங்கியிருக்கும். அந்த அக்காவுக்கு அந்த நாயகன்மேல் அப்படி ஒரு பைத்தியம். அவன் கதைகளை மட்டும் சேர்த்துக் கோணி ஊசியால் தைத்து ஒரே புத்தகமாக்கிக்கொண்டிருந்தாள். கனம் தாங்காது என்று கடைசித் தாள்களை அறுத்துவிடுவாள். நம்மில் பலர் பைண்டிங்குக்குக் கொடுக்கும்போது செய்த அதே பாவம்தான். வெட்டிப் போட்டது எங்கே போகும் என்று நாம் யோசித்ததில்லை. அவள் வெட்டிப் போட்டது என்னிடம் வந்தது.

எனக்கு இது ஒன்றும் தெரியாது. நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. கொல்லைவாசலில் இரண்டு பேர் நின்று பேசினால் உள்ளே இருந்து யாராவது கூப்பிட்டுவிடுவார்கள். ஆகவே என்னைப் பொறுத்தவரை அந்த ஐந்து பக்கம்தான் கதை. முழுக்கதையும் அதுதான்.

கதை இது. வெளிநாடு. கடலோர ஊரில் ஒரு பெண். செத்துப்போன கிழவர் ஒருவர் அவளிடம் மரப்பெட்டி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். பனிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டில் அதைச் சேர்க்க வேண்டும். சேர்க்கும்வரை திறக்கக் கூடாது. அவள் பெட்டியை முதுகில் கட்டிக்கொண்டு கிளம்புகிறாள். முதல் மாதத்தில் பாலம் இடிந்த ஆற்றைக் கழுத்தளவு தண்ணீரில் தாண்டுகிறாள். தொடரும்.

பள்ளிக்கூடம் இல்லாத சனி ஞாயிறிலும், வாத்தியார் வராத நாள்களிலும் நான் அத்தையோடு வயலுக்குப் போவேன். அன்று தாள்களை எடுத்துப்போய் வரப்பில் உட்கார்ந்து உரக்கப் படித்தேன். நடவு நடுகிறவர்கள் பின்னால் பின்னால் நகர்வார்கள் இல்லையா, நானும் வரப்பில் கூடவே நகர்ந்து நகர்ந்து படித்தேன். ஆற்றைத் தாண்டும் இடம் வந்தபோது ஒன்பது கைகளும் நின்றுவிட்டன.

பண்ணையின் காரியக்காரர் குடையோடு வந்துவிட்டார். “என்ன, எல்லாம் சிலை மாதிரி நிக்கிறீங்க? அங்க என்ன வாசிப்பு?”

“பாட்டுப் பாடுனா மட்டும் ஒத்துக்கிறீங்க. பாட்டுல கை ஓடும், கதையில கை ஓடாதாங்க?” என்றாள் அத்தை. அதற்குப்பின் கதை கேட்டுக்கொண்டே நட்டார்கள். அன்றைக்கு நடவு முன்கூட்டியே முடிந்தது என்று காரியக்காரரே சொன்னார்.

கஞ்சி குடிக்கக் கரையேறியபோது படத்தைக் காட்டச் சொன்னார்கள். கையெல்லாம் சேறு என்பதால் நான்தான் பிடித்துக் காட்டினேன். கடைசித் தாளைத் திருப்பியதும், தெருவிலேயே பெரிய வாயாடியான என் சின்னம்மா, “ஏ புள்ள, இவன் யாருடி?” என்றாள்.

“இது விளம்பரம்” என்றேன். வாங்குங்கள் என்று போட்டிருக்கிறதே, வேறென்ன? “பனியன் விளம்பரம்.”

“அதானே பாத்தேன். இந்த மாதிரி ஒட்டிப் புடிச்ச பனியன் போட்டா மாரு புடைச்சுத்தான் நிக்கும். நம்ம வீட்டு ஆளுக்கு ஒண்ணு வாங்கிப் போடணும், அப்பவாச்சும் கொஞ்சம் ஆம்பளையாத் தெரியுதான்னு பாப்போம்” என்றாள் சின்னம்மா. சேற்றில் இருந்த கொக்கெல்லாம் பறந்துபோகிற அளவுக்கு ஒரு சிரிப்பு.

அப்படித்தான் அவனுக்குப் பனியன்காரன் என்று பெயர் வந்தது. அவளுக்குப் பெட்டிக்காரி.

ஆடியில் களையெடுப்பு. இரண்டாம் பகுதி வந்தது. சத்திரத்தில் திருடர்கள். பெட்டிக்காரி பெட்டியைத் தலைக்கு வைத்துப் படுத்தாளே தவிர, கைவிடவில்லை. ஆவணியில் மூன்றாம் பகுதி. பனிக்காற்று, ஓநாய். இதற்குள் எங்கள் தெருவில் வேறு பேச்சே இல்லை. பெட்டிக்குள் என்ன? நம் குழுவில் இப்போது நடக்கிற வாதமெல்லாம் ஒன்றுமே இல்லை, நண்பர்களே. களைக்கொட்டோடு குந்தியபடி ஒன்பது பேர் வாதாடினதை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

“நகைதான்டி. நகை இல்லாம எவனாச்சும் மூணு மாசமா ஒரு பெட்டியைத் துரத்துவானா?” இது சின்னம்மா.

“காயிதமா இருக்கும்” என்றாள் அந்த வருஷம் கல்யாணமாகி வந்த புதுப்பெண். அவள் புருஷன் பட்டாளத்தில் இருந்தான்.

“காயிதத்துக்கு எதுக்குடி மரப்பெட்டி?”

“நனையக் கூடாதுல்ல” என்றாள் அவள். அதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை.

வரிசையின் கடைசியில் நிற்கும் ஒரு வயதானவள், மருந்து என்றாள். அவள் பேரப்பிள்ளைக்கு அப்போது காய்ச்சல். இப்படி ஆளுக்கொன்று. எல்லாரும் சொன்ன பிறகு அத்தையைப் பார்த்தார்கள். அவளோ, “அது அடுத்தவ பெட்டி. நாம ஏன் தொறக்கணும்? களையைப் பாருங்க” என்று சொல்லிவிட்டாள். மூன்று மாதமும் இதே பதில்தான். எனக்கோ தூக்கமே வராது. பெட்டிக்குள் என்ன என்று தெரியாமல் செத்துவிடுவேனோ என்றுகூட நினைத்திருக்கிறேன். பத்து வயதில் அப்படித்தான் நினைப்போம்.

புரட்டாசி. குறுவை அறுப்பு. நான்காம் பகுதியைக் கொடுக்கும்போது அந்த அக்கா, “அவ்வளவுதான் போல” என்றாள். எனக்குப் புரியவில்லை. புல்லுக்கட்டைப் போட்ட இடத்திலேயே உட்கார்ந்து படித்தேன். பெட்டிக்காரி மலையைத் தாண்டிவிட்டாள். பனியில் ஒரு வீடு. கதவைத் தட்டுகிறாள். கதவு ஒருசாண் திறக்கிறது. உள்ளே விளக்கு வெளிச்சம். தொடரும்.

அதற்குக் கீழே கட்டம் கட்டி ஓர் அறிவிப்பு: ‘கடைசிப் பக்கத் தொடரை நிறுத்திவிட்டு நமது நாயகனுக்கே அந்தப் பக்கங்களையும் ஒதுக்கலாமா? வாசகர்கள் தங்கள் கருத்தை அஞ்சலட்டையில் எழுதலாம்.’

நாயகன் யார்? பெட்டிக்காரியின் கதையில் அப்படி ஒருவனே கிடையாது. தாளைத் திருப்பினேன். பனியன்காரன் பாய்ந்துகொண்டிருந்தான். சரிதான்! கதையை நிறுத்திவிட்டு விளம்பரத்தைப் பெரிதாகப் போடப்போகிறார்கள்!

அறுப்பு வயலுக்கு ஓடினேன். விஷயத்தைச் சொன்னதும் அரிவாள் எல்லாம் நின்றன. “கதவு தொறக்குற நேரத்துலயா?” என்று புதுப்பெண் அழுகிற மாதிரி கேட்டாள். சின்னம்மா தலையில் இருந்த துண்டை அவிழ்த்து உதறினாள். “பனியன் விக்கிற பயலுக்காக ஒரு பொம்பளையைப் பனியில நிக்க வைக்கிறதா? எந்த ஊரு நியாயம்டி இது?”

“கருத்து எழுதலாம்னு போட்டிருக்காங்க” என்றேன்.

“அப்ப எழுதிப்புடு” என்றாள் அத்தை. “ஒருத்தி எழுதுனா ஒரு குரலுதான். ஒம்பது பேரும் எழுதுவோம்.”

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலில் ஒன்பது அட்டையும் என் மைப்புட்டியும். ஒவ்வொருத்தியும் சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும், கீழே கைநாட்டு. வயதானவள் மட்டும் கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள். “கைநாட்டு வச்சா நெலம் போயிருமாம்ல?”

“உனக்கு ஏதுடியம்மா நெலம்?” என்றாள் சின்னம்மா.

அவள் யோசித்தாள். “அதுவும் சரிதான்” என்று விரலை நீட்டினாள்.

சின்னம்மாவின் அட்டையில் இப்படிப் போனது: “பனியன் நல்ல பனியன்தான், நாங்கள் குறை சொல்லவில்லை. கதை முடிந்ததும் வாங்கிக்கொள்கிறோம்.” புதுப்பெண், “உள்ளே இருப்பது கடுதாசியானால் அதைச் சீக்கிரம் படித்துக் காட்டவும்” என்றாள். அத்தை சொன்னதுதான் பத்திரிகையில் வந்தது. நான் அதைப் பள்ளிக்கூடத்துத் தமிழில் மாற்றி, ‘தாங்கள்’ போட்டு எழுதினேன். அவள் தன் பெயரைப் போட வேண்டாம் என்றாள். “நடவு ஆளுங்க ஒம்பது பேருன்னு போடு. நாங்கன்னு தெரியட்டும்.”

இங்கேதான் ஊர் ஒரு கூத்து பண்ணியது. தபால்காரர் பையில் ஒன்பது அட்டை, ஒன்பதிலும் நீல மையில் கைநாட்டு, ஒன்பதும் சென்னைக்கு. அதுவும் அறுப்பு நேரம். எங்கள் பக்கத்தில் அறுப்பு நேரத்தில் கூலி ஆட்கள் கைநாட்டு வைத்து வெளியூருக்கு அனுப்பினால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: கூலித் தகராறு, மேலிடத்துக்கு மனு. தபால்காரர் அட்டைகளைப் படிக்கவில்லை. அடுத்தவர் கடிதத்தைப் படிக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. கைநாட்டை மட்டும் பார்த்தார். காரியக்காரரிடம் மட்டும் சொன்னார்.

மறுநாள் காரியக்காரர் குடையை மடக்கிக்கொண்டு வரப்பில் வந்து நின்றார். குரலில் வெல்லப்பாகு. “ஏம்மா, நீங்கள்லாம் சென்னைக்கு மனு போட்டீங்களாமே?”

“ஆமாங்க” என்றாள் அத்தை.

“எதுவா இருந்தாலும் நம்மகிட்டயே சொல்லலாம்ல? வெளியாள் எதுக்கு? அப்படி என்ன எழுதுனீங்க?”

“ஒரு பொம்பளை பெட்டியைத் தூக்கிக்கிட்டு மலை தாண்டி வந்து கதவைத் தட்டுறாங்க. அவங்களை அப்படியே விட்டுடக் கூடாதுன்னு எழுதியிருக்கோம்.”

காரியக்காரர் அத்தையை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். “எந்த ஊருப் பொம்பளை?”

“வெளிநாடுங்க.”

அவர் முகம் வெளுத்துப்போனது. அத்தை உண்மையைத்தான் சொன்னாள். ஆனால் அந்த மனிதர் அதை வேறு எதற்கோ வைத்த ரகசியப் பேச்சு என்று எடுத்துக்கொண்டார். மறுநாளிலிருந்து பத்து மணிக்கு அறுப்பு வயலுக்குப் பித்தளைத் தூக்கில் டீ வந்தது. கூடவே மசால்வடை. எங்கள் ஊரில் வயலுக்கு டீ வந்தது அதுதான் முதல் தடவை. “என்னன்னே தெரியல, திடீர்னு ஐயா நல்லவராயிட்டாரு” என்று சொல்லிச் சொல்லிக் குடித்தார்கள். ஏனென்று எனக்குப் புரிய இன்னும் இருபது வருஷம் ஆனது.

ஐப்பசி. குறுவை அறுத்த வயலில் தாளடி நடவு. வானம் மூட்டமாகவே இருந்த ஒரு நாள், பண்ணை வீட்டு அக்கா கொல்லைவாசலில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். சிரிப்பை அடக்க முடியவில்லை அவளால். “இது நீங்கதானே? நடவு ஆட்கள் ஒன்பது பேர்?” என்று முதன்முறையாக முழுப் புத்தகத்தையும் என்னிடம் நீட்டினாள்.

முழுசு. அட்டையோடு. அட்டையில் பனியன்காரன்.

முதல் பக்கத்தில் பனியன்காரன். இரண்டாம் பக்கத்தில் பனியன்காரன் ஒரு ரயிலைத் தூக்குகிறான். நாற்பது பக்கத்துக்குமேல் அவனேதான். கடைசியில் எங்கள் கடிதம். அதன் பக்கத்தில் நாலே வரி: கடைசிப் பக்கத் தொடர் இத்துடன் நிறுத்தப்படுகிறது. மூலத்தை வெளியிட்டவர்கள் இதற்குமேல் வரையவில்லை. பெட்டியில் என்ன இருந்தது என்பது எங்களுக்கும் தெரியாது.

“லூசு, அவன்தான் ஹீரோ. உங்க ஆளு சும்மா கடைசிப் பக்கத்துக்கு” என்றாள் அந்த அக்கா. பாவம், அவள் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டாள். “புத்தகத்தை நீயே வச்சுக்க” என்றாள். அவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஒரு சேகரிப்பாளருக்குத்தான் தெரியும்.

இரண்டு நாள் நான் வயல் பக்கமே போகவில்லை. வயிற்றுவலி என்றேன். கதை நின்றுபோனது ஒரு துக்கம். அதைவிடப் பெரிய துக்கம், எழுத்துத் தெரிந்தவள் என்று நம்பி ஒன்பது பேர் கைநாட்டு வைத்தார்களே, அவர்களிடம் போய் நான் சொன்னதெல்லாம் தப்பு என்று எப்படிச் சொல்வேன்? மூன்றாம் நாள் அத்தையே, “வயித்துவலிக்காரி கஞ்சியை மட்டும் ரெண்டு தடவை குடிக்கிறாளே” என்று சொல்லிக் கையைப் பிடித்து இழுத்துப்போனாள்.

வரப்பில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். முழுப் புத்தகம், ரயில், நாலு வரி, எல்லாம். அப்போதுதான் அத்தை நான் முதலில் எழுதிய அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

“ஆமா அத்தை” என்றேன், கடைசியில்.

“பெட்டியில என்னன்னு அந்தப் பத்திரிகை ஐயாவுக்கே தெரியாதாமா?”

“தெரியாதுன்னு போட்டிருக்காரு.”

“அட பாவமே” என்றாள் அத்தை. எங்களுக்காக அல்ல, அவருக்காக.

நாற்று முடிச்சைக் கீழே வைத்தாள். கரையேறினாள். வாய்க்காலில் கையை முழங்கை வரைக்கும் கழுவி முந்தானையில் துடைத்தாள். “அந்தத் தாளையெல்லாம் எடு” என்றாள். நாலு மாதத்துத் தாள்களும் என் பைக்குள் இருந்தன. முதன்முறையாகத் தன் கையால் வாங்கினாள். வரப்பு மேல் துண்டை விரித்து வரிசையாகப் பரப்பினாள். காற்றுக்குப் பறக்காமல் சின்னம்மாவும் புதுப்பெண்ணும் ஓரங்களைப் பிடித்துக்கொண்டார்கள்.

“காலைப் பாரு” என்றாள்.

நான் பார்த்தேன். ஆனியில் பெட்டிக்காரியின் காலில் கணுக்கால்வரை கயிறு கோத்துக் கட்டிய நல்ல தோல் செருப்பு. ஆற்றைத் தாண்டியபின் ஆடியில் அதன் முனை வாய் பிளந்திருந்தது. ஆவணியில் அதைக் கயிற்றால் சுற்றிக் கட்டியிருந்தாள். புரட்டாசியில், அந்தக் கதவுக்கு முன்னால், செருப்பே இல்லை, கந்தல் துணிதான். பனியில் அவள் நடந்த தடத்தில் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள். ஒவ்வொரு கட்டத்திலும் அந்தக் கால் இருந்தது. அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுத்தில் இல்லை. நான் எழுத்தைத்தான் படித்திருந்தேன். நாலு மாதமும்.

“இம்புட்டு மெனக்கெட்டு ஒருத்தன் காலையே வரைவானா, காரணம் இல்லாம?” என்றாள் அத்தை. “உள்ள இருக்கறது செருப்பு. அவ காலு அளவுக்கு.”

சின்னம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். “அப்ப அவ ஆத்தங்கரையிலயே தொறந்து போட்டுக்கிட்டு நடந்திருக்கலாமேடி!”

“எப்படித் தொறப்பா? அடுத்தவங்களுதுன்னு நெனச்சுல்ல தூக்கிட்டுப் போறா” என்றாள் அத்தை.

புதுப்பெண் பிடித்திருந்த தாள் காற்றில் படபடத்தது. தூரத்தில் காரியக்காரர் குடையை ஆட்டிக் கூப்பிட்டார். மழை வருவதற்குள் இந்த வயலை முடிக்க வேண்டும் என்று கத்தினார். எட்டுப் பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு ஒவ்வொருவராகச் சேற்றில் இறங்கினார்கள்.

அத்தை இறங்கவில்லை. “ஓடு. கார்டும் மைப்புட்டியும் எடுத்துட்டு வா. அந்த ஐயா முடிவு தெரியாம உக்காந்திருப்பாரு” என்றாள். நான் ஓடினேன். பாதி வழியில் திரும்பிப் பார்த்தேன். காரியக்காரர் இன்னும் கத்திக்கொண்டிருந்தார். அத்தை வரப்பிலேயே நின்று, ஏற்கனவே சுத்தமாக இருந்த கட்டைவிரலை முந்தானையில் இன்னொரு தடவை துடைத்துக்கொண்டிருந்தாள்.